ஒரே பெயர், இரண்டு ஊர்: துபாய் நஹ்தாவும் ஷார்ஜா நஹ்தாவும்

உடையார்பாளையத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர் முதலில் தெருவைத்தான் கேட்பார். அங்கே நம்ம ஆட்கள் யார் இருக்கிறார்கள், தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்விடுமா என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் வாடகைப் பேச்சு வரும். வெளிநாட்டுக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகும்போது மட்டும் இந்த வழக்கம் தலைகீழாகிவிடுகிறது. "வாடகை எவ்வளவு மாப்ள?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான்.

பெரம்பலூர் மாவட்டத்தின் லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் வளைகுடாப் பயணம் தலைமுறைப் பழக்கம். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்தும் ஏ.சி. மெக்கானிக், சூப்பர்வைசர், கணக்கர் என்று பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். போன புதிதில் பெட் ஸ்பேஸ்: ஓர் அறையில் அடுக்குக் கட்டில்கள், அதில் ஒன்று நமக்கு. சம்பளம் 4000 திர்ஹாமைத் தொட்டால், அல்லது கம்பெனி வீடு கொடுத்து 3000 கிடைத்தால், மனைவி மக்களுக்கு விசா எடுக்கலாம். தலைவலி அங்கேதான் தொடங்குகிறது. சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. எந்த டார்மிட்டரி என்று கம்பெனியே முடிவு செய்துவிடும், குடும்பத்தைக் கூட்டிப்போகவும் வழியில்லை. தேர்வு செய்கிற சுமையும் ஒரு வசதிதான் என்று அவர்களைப் பார்த்தால் தோன்றும்.

துபாயின் வடகிழக்கு ஓரத்தில் அல் நஹ்தா என்று ஒரு பகுதி. அதை ஒட்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஷார்ஜாவிலும் அல் நஹ்தா. நடுவில் கேட் இல்லை, பாஸ்போர்ட் கேட்பாரும் இல்லை. இரு பக்கமும் உயர உயரமான கட்டடங்கள், மலையாளிக் கடைகள், இரவு பத்து மணிக்கு கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுகிறவர்கள். ஊரிலிருந்து வந்தவருக்கு எது துபாய், எது ஷார்ஜா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஆனால் சாலையைத் தாண்டினால் வாடகைச் சட்டம் வேறு, கரண்ட் பில் வேறு, பள்ளி விடுமுறை வேறு.

வாடகையில் ஷார்ஜா பக்கம் கணிசமாகக் குறைவு. அதே பணத்துக்கு அறையும் பெரிதாகக் கிடைக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது அடுத்த வருஷத்துக் கதை. துபாயில் 2013ஆம் ஆண்டின் 43ஆம் எண் ஆணைப்படி, நீங்கள் கொடுக்கும் வாடகை அந்தப் பகுதிச் சராசரியைவிடப் பத்து சதவீதத்துக்குள் குறைவாக இருந்தால் ஏற்ற முடியாது. அதைவிடக் குறைவாக இருந்தால், எவ்வளவு குறைவோ அதற்கேற்ப 5 முதல் 20 சதவீதம் வரை ஏற்றலாம். சல்லிசாகக் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவருக்குத்தான் ஏற்றமும் அதிகம் காத்திருக்கிறது. ஷார்ஜாவில் 2024ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம், ஒப்பந்தம் தொடங்கி மூன்று வருஷத்துக்கு வாடகையை ஏற்றக் கூடாது என்கிறது. மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பி, சீட்டுக் கட்டி, வீட்டுக் கடனும் அடைக்கிறவருக்கு முதல் மாத வாடகைக் குறைவைவிட இந்த மூன்று வருஷ நிம்மதி பெரிது என்பது என் கணிப்பு.

நம்மூரில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மாதம் பிறந்தால் வாடகை. அங்கே வருஷ வாடகையைச் சில பங்காகப் பிரித்து, பின்தேதியிட்ட செக்குகளாக முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். செக்குகளின் எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொன்றிலும் தொகை கூடும். முதல் செக்குக்கே ஊரில் நகையை வைக்கிறவர்கள் உண்டு. எனவே எத்தனை செக் என்பதை வாடகைக்குச் சமமான கேள்வியாகப் பேச வேண்டும்.

இனி சாலை. ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் வேலை பார்க்கிறவர்களின் வாழ்க்கையை அல் இத்திஹாத் சாலைதான் நடத்துகிறது. காலையில் துபாய் நோக்கியும் மாலையில் ஷார்ஜா நோக்கியும் வண்டிகள் ஊர்ந்து போகும். காரில் போனால் சாலிக் சுங்கம் உண்டு. 2025 ஜனவரி 31 முதல் காலை ஆறிலிருந்து பத்து வரையும் மாலை நான்கிலிருந்து எட்டு வரையும் ஒரு கேட்டுக்கு 6 திர்ஹாம், மற்ற நேரத்தில் 4. நள்ளிரவு ஒரு மணி முதல் ஆறு மணி வரை இலவசம். அல் மம்ஸார் கேட் ஒன்று, க்ரீக் என்னும் உப்பங்கழியைத் தாண்ட கர்ஹூத் பாலத்துக் கேட் ஒன்று என்று வைத்தால், நெரிசல் நேரத்தில் போகவர 24 திர்ஹாம். மாதம் 22 நாளுக்கு 528 திர்ஹாம். பெட்ரோல் தனி. வாடகையில் மிச்சம் பிடித்தோம் என்கிறவர்கள் இந்தத் தொகையைக் கழித்துவிட்டுச் சொல்வதை நான் கேட்டதில்லை.

கார் இல்லாதவருக்கு வேறு கணக்கு. துபாய் மெட்ரோவின் பச்சைத் தடம் 2011 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. அல் நஹ்தா, ஸ்டேடியம் நிலையங்கள் அதில்தான். ஷார்ஜாவுக்கு மெட்ரோ கிடையாது. டாக்சி எல்லை தாண்டினால் மீட்டரோடு இன்னும் 20 திர்ஹாம் சேர்ந்துவிடும். அதனால் ஷார்ஜா நஹ்தாக்காரர்கள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாலையைக் கடந்து துபாய் மண்ணில் நின்றுதான் டாக்சிக்குக் கை காட்டுவார்கள். ஒரு சாலையைக் கடக்க இருபது திர்ஹாம் கூலி கிடைக்கிற வேலை உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

இவ்வளவும் வேலைக்குப் போகிறவரின் கணக்கு. வீட்டில் இருக்கிற பெண்ணின் கணக்கை யாரும் போடுவதில்லை. கணவன் இரவு எட்டரைக்கு வருகிறவன் என்றால், பால் வாங்குவதும் காய்ச்சலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போவதும் அவள் பாடு. துபாய் பக்கம் என்றால், லைசென்ஸ் இல்லாவிட்டாலும் பஸ், மெட்ரோ ஏறித் தேராவுக்கோ கராமாவுக்கோ தனியாகப் போய் வந்துவிடுவாள். ஷார்ஜா பக்கம் சஹாரா சென்டர், பூங்கா, கடைகள் எல்லாம் கிட்டத்தில் உண்டு, ஆனால் அதைத் தாண்டிப் போகப் பெரும்பாலும் டாக்சியோ கணவனோ வேண்டும். அடுப்படியில் மட்டும் ஷார்ஜாவுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்: நகரின் பெரும்பகுதியில் குழாய் வழி எரிவாயு. சாம்பார் கொதிக்கும்போது சிலிண்டர் தீரும் பயம் இல்லை.

பள்ளிக்கூடம்தான் பலருடைய முடிவைக் கடைசியில் மாற்றுகிறது. துபாய் நஹ்தாவை ஒட்டிய அல் குசைஸில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் நிறைய. ஷார்ஜாவில் இந்தியன் அசோசியேஷன் நடத்தும் ஷார்ஜா இந்தியன் ஸ்கூலும், வேறு பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் 2022 ஜனவரியிலிருந்து ஷார்ஜாவில் வாரம் நான்கு நாள்தான் பள்ளி. வெள்ளி, சனி, ஞாயிறு விடுமுறை. துபாயில் வெள்ளிக்கிழமை அரை நாள் பள்ளி உண்டு. தகப்பனுக்கு துபாயில் சனிக்கிழமையும் வேலை, பிள்ளைக்கு ஷார்ஜாவில் வெள்ளியே விடுமுறை என்றால், இருவரும் முழுதாகச் சேர்ந்திருப்பது ஞாயிறு மட்டும். தமிழ்ப் பாடம் எல்லாப் பள்ளியிலும் கிடையாது, சேர்க்குமுன் கேட்டே ஆக வேண்டும்.

படிப்புக்காக ஊர் மாறுவது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. உ.வே.சாமிநாதையரின் தந்தை வேங்கட சுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தான வித்துவான் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி, அரியலூர், குன்னம், கார்குடி என்று குடும்பத்தையே கூட்டிக்கொண்டு அலைந்தார். எங்கே வாத்தியார் இருக்கிறாரோ அங்கே வீடு என்பது அவருடைய கணக்கு. நஹ்தாவில் வீடு தேடுகிற அப்பாக்களுக்கு அந்தப் பைத்தியம் கொஞ்சம் தொற்றினால் தேவலை.

இரண்டு விஷயங்களை வீட்டுத் தரகர் தானாகச் சொல்லமாட்டார். முதலாவது தீ. 2020 மே 5 அன்று ஷார்ஜா நஹ்தாவின் அப்கோ டவர் பற்றி எரிந்தது. வெளிச்சுவரில் பொருத்தியிருந்த தகடுகள் வழியாகத் தீ மாடி மாடியாக ஏறியது. 2024 ஏப்ரலில் அதே பகுதியின் 39 மாடிக் குடியிருப்பில் பிடித்த தீயில் ஐந்து பேர் இறந்தார்கள். கட்டடத்தின் வெளித்தகடு மாற்றப்பட்டதா, படிக்கட்டுக் கதவுகள் திறக்கின்றனவா என்று வாட்ச்மேனிடம் கேட்டால் பதில் கிடைத்துவிடும். இரண்டாவது மழை. 2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தில் கொட்டியது 1949இல் பதிவு தொடங்கியதற்குப் பிறகான மிகப் பெரிய மழை. துபாயும் தத்தளித்தது, ஆனால் ஷார்ஜாவின் அல் மஜாஸ், காசிமியா போன்ற இடங்களில் நாட்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. எந்தப் பக்கமானாலும், அந்த வாரம் இந்தத் தெரு எப்படி இருந்தது என்று கீழே மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மனைவி ஊருக்குப் பிரசவத்துக்குப் போய்விட்டால், வாடகையைச் சமாளிக்க ஓர் அறையை நண்பர்களுக்கு விடலாம் என்று சிலர் நினைப்பார்கள். குடும்பம் உடன் இல்லாத ஆண், ஊரில் இரண்டு பிள்ளை இருந்தாலும் அங்கே பேச்சிலர்தான். குடும்பங்களுக்கான பகுதிகளில் பேச்சிலர்கள் தங்குவதை ஷார்ஜா நகராட்சி அனுமதிப்பதில்லை, சோதனை நடத்திக் காலி செய்ய வைக்கிறது. துபாயும் 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், சத்வா போன்ற இடங்களில் பலகை அடித்துப் பிரித்த அறைகளைத் தேடிப்பிடித்து அகற்றியது. அறையைப் பங்கு போட்டு வாடகை கட்டும் யோசனையை இரண்டு பக்கமும் கைவிடுவதே நல்லது.

என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். வேலை குசைஸ், விமான நிலையம், தேரா பக்கம். மனைவி வேலைக்குப் போகவில்லை. பிள்ளை சின்னது: ஷார்ஜா நஹ்தா, கூடவே அந்த மூன்று வருஷ வாடகைப் பூட்டு. இருவரும் வேலைக்குப் போகிறார்கள், அல்லது மனைவி வேலை தேடுகிறாள் என்றால், வீடு சிறிதானாலும் துபாய் நஹ்தா. அவளுக்கு மெட்ரோ வேண்டும். வேலை ஜெபல் அலியில் என்றால் இரண்டு நஹ்தாவும் வேண்டாம். தினமும் துபாயின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடுவதற்கு எந்த வாடகைச் சலுகையும் ஈடாகாது.

முடிவெடுக்குமுன், வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள். அப்போது எல்லாச் சாலையும் சமர்த்தாக இருக்கும். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்தக் கட்டடத்து வாசலிலிருந்து ஆபீஸ் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். அன்றே மாலை ஆறு மணிக்குத் திரும்பியும் பாருங்கள். ஊரில் இருக்கிற மனைவிக்கு அங்கிருந்தே வாட்ஸ்ஆப்பில் வீடியோ போட்டு, கடை எங்கே, பள்ளி வண்டி எங்கே நிற்கும், பஸ் எங்கே வரும் என்று காட்டுங்கள். செக்கில் கையெழுத்துப் போடுவது அதற்கப்புறம்.