சிக்யூவில் யார் பேச்சுக்கு மறுபேச்சில்லை?

2011 ஓகஸ்டில் மன்னார்ப் படுகைக்கு வந்து சேர்ந்த ‘சிக்யூ’ என்ற யப்பானியக் கப்பல் நங்கூரம் போடவில்லை. டொராடோ என்று பெயர் வைத்த கிணற்றைத் தோண்ட வேண்டிய இடத்தில் கடல் 1,354 மீற்றர் ஆழம். செய்மதியும் கடலடியில் வைத்த ஒலிக்கருவிகளும் கப்பல் இருக்கும் இடத்தைச் சொல்லச் சொல்ல, கணினி அதன் அடியிலுள்ள உந்திகளைத் திருப்பித் திருப்பிச் சுழற்றுகிறது. காற்று ஒரு பக்கம் தள்ளினால் எந்திரம் மறுபக்கம் தள்ளும். அசையாமல் நிற்பதற்காக இராப்பகலாக எந்திரம் ஓட்டுகிற கப்பல் இது. அப்படி நிற்கும்போது அதற்குத் தலைவன் யார் என்று கேட்டால், கப்பலுக்குப் போய் வந்தவர்களே சற்று யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

சிக்யூ எண்ணெய் தேடப் பிறந்த கப்பல் அல்ல. பூகம்பம் பிறக்கும் இடத்தைத் துளைத்துப் பார்ப்பதற்காக யப்பானின் கடல் ஆய்வு நிறுவனமான ஜாம்ஸ்ரெக்குக்கு 2005 இல் கையளிக்கப்பட்டது. நீளம் 210 மீற்றர், அடித்தளத்திலிருந்து துளைக் கோபுரத்தின் உச்சி வரை 130 மீற்றர். விஞ்ஞானத்துக்கு ஒதுக்கும் பணம் இவ்வளவு பெரிய கப்பலை ஆண்டு முழுவதும் ஓட்டப் போதாது. அதனால் இடையிடையே கூலிக்கும் போகும்; கென்யா, அவுஸ்திரேலியக் கடல்களில் முன்னரே தோண்டியிருந்தது.

மன்னாருக்கு வர ஐந்து மாதம் முன், மார்ச் 11 அன்று, அது வட யப்பானின் ஹச்சினோகே துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்தது. கப்பல் பார்க்க வந்த ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். நிலம் ஆடியது, ஆழிப்பேரலை எச்சரிக்கை வந்தது. கப்டன் பிள்ளைகளை இறக்காமல் கப்பலைத் துறையிலிருந்து விலக்கினார். துறைமுகத்துக்குள் சுழன்ற நீர் அதைத் திருப்பி அலைக்கழித்தது. அடிப்பாகம் தரையில் இடித்து, ஆறு உந்திகளில் ஒன்று முறிந்தது, நிலைநீர்த் தொட்டியில் ஓட்டை விழுந்தது. பிள்ளைகள் இரவைக் கப்பலிலேயே கழித்து மறுநாள் ஹெலிகொப்டரில் கரை சேர்ந்தார்கள். துறையில் கட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடியாதவர்கள் நம்மூரில் இல்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் மருதங்கேணியும் மணற்காடும் பட்டதைக் கண்டவர்கள் நாங்கள். ஹச்சினோகேயில் அன்றைக்குக் கப்டன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. எந்தக் கிணற்றோடும் இணைக்கப்படாத கப்பலில் மாஸ்டரின், அதாவது கப்டனின், சொல்லே சொல்.

மன்னாரில் அது அவ்வளவு நேரல்ல. எண்ணெய் நிறுவனமான கேர்ன் இந்தியாவின் துணைக் கொம்பனி இலங்கை அரசோடு 2008 இல் ஒப்பந்தம் செய்து, மன்னார்த் துண்டத்தில் தோண்டுவதற்கு சிக்யூவை வாடகைக்கு எடுத்திருந்தது. இலங்கைக் கடலில் துளைபோட்டது இதுவே முதல்முறை அல்ல. யாழ்ப்பாணத்தைச் சுற்றிய காவேரிப் படுகையில் 1976 இல் பாக்குநீரிணையிலும் நெடுந்தீவுப் பக்கமும், 1981 இல் பருத்தித்துறைக்கு அப்பாலும் அமெரிக்கக் கொம்பனிகள் கிணறு போட்டுப் பார்த்தன. எதிலும் வணிக அளவில் எண்ணெய் வரவில்லை, ஆட்கள் போய்விட்டார்கள். எங்கள் கடல் வள்ளக்காரருக்கே ஆழமில்லாத கடல். மன்னார்ப் படுகையோ கிலோமீற்றர் கணக்கில் இறங்குகிறது. அங்கே தோண்டுவதற்கு மிதந்தபடியே துளைக்கும் கலம்தான் வேண்டும்.

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் விடும் பட்டத்தை நினைத்துக்கொண்டால் கப்பலின் நிலை விளங்கும். கயிறு கடலடியில் கட்டியிருக்கிறது, பட்டம் மேலே மிதக்கிறது. கயிறாக இருப்பது றைசர் என்ற பெருங்குழாய். 27 மீற்றர்த் துண்டுகளைப் பொருத்திப் பொருத்தி இறக்குவது. டொராடோவின் ஆழத்துக்கு ஏறத்தாழ ஐம்பது துண்டு. அதன் அடியில் கிணற்றின் வாயில் உட்கார்ந்திருப்பது பி.ஓ.பி., 380 தொன் எடையுள்ள அடைப்பான் தொகுதி. கிணறு பொங்கினால் குழாயையே வெட்டி வாயை மூடுவது அதன் வேலை. கப்பல் நிலை தவறிக் குறித்த வட்டத்துக்கு வெளியே போனால் றைசர் முறியும். அதற்கு முன்னரே பி.ஓ.பி.யின் மேற்பாதியோடு றைசரைக் கழற்றிவிட வேண்டும்.

இப்படிப் பிணைந்திருக்கும் வேளையில் கப்பலில் பல தலைகள். மேல்தளத்தில் மாஸ்டர், அவருக்குக் கீழே திரையைப் பார்த்தபடி கப்பலின் இடத்தைக் காக்கும் டி.பி. அதிகாரிகள். மொத்தத் தோண்டுதலுக்கும் பொறுப்பான மேலாளர் ஓ.ஐ.எம்.; அவருக்குக் கீழே தோண்டும் குழுவின் மேற்பார்வையாளரான ரூல்புஷர், அவருக்குக் கீழே நெம்புகோலில் கைவைத்திருக்கும் டிரில்லர். பி.ஓ.பி.யைத் தெரிந்தவர் சப்சீ பொறியியலாளர். எல்லோருக்கும் பக்கத்தில் ‘கொம்பனி மான்’, வாடகை கொடுக்கிறவரின் ஆள். எவ்வளவு ஆழம், என்ன சேறு, எப்போது சீமெந்து என்று சொல்கிறவர் அவர். ஆனால் கப்பலில் ஒருவருக்கும் அவர் மேலதிகாரி அல்ல. ஒழுங்கான நாளில் இது நன்றாகவே ஓடும். டி.பி. அதிகாரி மஞ்சள் எச்சரிக்கை கொடுத்தால் டிரில்லர் வேலையை நிறுத்தி ஆயத்தமாவார், சிவப்புக் கொடுத்தால் கழற்றுவார். யாரையும் கேட்க வேண்டியதில்லை. எரிவாயு கிணற்றுக்குள்ளிருந்து வரும்போதுதான் சிக்கல். கழற்றினால் கோடிக்கணக்கில் நட்டம், கழற்றாவிட்டால் உயிர் நட்டம். அந்த வார்த்தையை யார் சொல்வது?

சிக்யூ வருவதற்கு ஏறத்தாழப் பதினாறு மாதம் முன், 2010 ஏப்ரல் 20 இரவு, மெக்சிக்கோ வளைகுடாவில் ‘டீப்வோட்டர் ஹொரைசன்’ மேடையில் அதே கேள்வி எழுந்தது. கிணற்றோடு பிணைந்திருக்கும்வரை ஓ.ஐ.எம். தலைவர், ஓடும்போதும் அவசர நிலையிலும் மாஸ்டர் தலைவர். அவசர நிலை எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பதில் தயக்கம். வெடித்த பிறகும் கழற்றும் பொத்தானை அமுக்குவதா என்று மேல்தளத்தில் பேச்சு நடந்தது. கடைசியில் அமுக்கியபோது றைசர் கழலவில்லை. பதினொரு பேர் இறந்தார்கள், இரண்டாம் நாள் மேடை மூழ்கியது. அமெரிக்கக் கரையோரக் காவற்படை 2011 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இந்த இரட்டைத் தலைமையைக் கடுமையாகச் சாடியது. அது அனுமதிக்கப்பட்டதற்குக் காரணம், மேடையைப் பதிவுசெய்த மார்ஷல் தீவுகளின் அலுவலகத்தில் நேர்ந்த எழுத்தர் பிழை. வெடிப்புக்கு அதுவே காரணமென்று நான் சொல்லமாட்டேன். சீமெந்தும் கணிப்பும் முன்னமே பிழைத்திருந்தன. ஆனால் ஒரு கோப்பில் தவறாக விழுந்த வகைப்பாடு, நெருப்புக்கு நடுவில் நிற்கிறவனின் அதிகாரத்தைக் குழப்பியது. கரையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவர்கள் அதை ஒருதரம் வாசித்துப் பார்க்கலாம்.

எங்கள் பாய்க்கப்பல்களில் இந்தக் கேள்வி எழவே இல்லை. கப்டனான தண்டையல் சொன்னால் பாய் விரியும், தண்டையல் சொன்னால் சரக்குக் கடலில் விழும். முதலாளி கரையில்தான் முதலாளி. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தபோது அதில் போன தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையின் பெயரை ஊர் இன்னும் சொல்கிறது. ஆனால் அதை வைத்து அந்தக் காலமே மேல் என்று பேசுவது வீண். அன்னபூரணி எந்தக் கிணற்றோடும் பிணைந்து நிற்கவில்லை. ஒரே மனிதர் காற்றையும் நிலத்தடி அழுத்தத்தையும் ஒருசேர அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இன்றைய கப்பலில் அறிவு பல தலைகளில் பரவித்தான் இருக்கும். முடிவு மட்டும் ஒரு தலையில் இருக்க வேண்டும், அது யார் தலை என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடலில் தோண்டும் கலங்களுக்கான சர்வதேச விதிகள் கேட்பதும் அதைத்தான்.

மன்னாரில் கிணறு பொங்கவில்லை. டொராடோ 3,288 மீற்றர் வரை போனது. 3,044 மீற்றருக்குக் கீழே 25 மீற்றர்த் தடிப்பில் எரிவாயு அகப்பட்டது. ஒக்டோபரில் அறிவித்தபோது நாடே பத்திரிகையில் பணக்காரனானது. அடுத்த கிணறு பரகூடா, 4,741 மீற்றர், அதிலும் எரிவாயு. மூன்றாவது வெறுமை. கேர்ன் பின்னர் இன்னொரு கிணறும் போட்டுப் பார்த்து, 2015 இல் துண்டத்தைக் கைவிட்டுப் போனது. வாயு கீழேயே கிடக்கிறது.

சிக்யூ யப்பானுக்குத் திரும்பி, தன்னைத் துறைமுகத்தில் இடித்துப்போட்ட அந்த அலை பிறந்த பிளவுக்கே 2012 ஏப்ரலில் போனது. யப்பான் அகழி, கடல் ஏறத்தாழ 6,900 மீற்றர். அவ்வளவு ஆழத்துக்கு றைசரும் இல்லை, பி.ஓ.பி.யும் இல்லை; வெறும் துளைக்குழாய். பிணைப்பு இல்லாததால் கட்டளைச் சிக்கலும் குறைவு. ஆனால் இங்கே வேறு தலைகள் வந்து சேர்ந்தன: விஞ்ஞானிகள். எங்கே, எவ்வளவு ஆழம் என்று அவர்கள் கேட்பார்கள். எப்படி என்று தோண்டுகிறவர்கள் சொல்வார்கள். கடல் விடுமா என்று கப்டன் பார்ப்பார். கருவிக் கோளாறுகளில் நாட்கள் கரைந்தன. குழாயின் நுனி நீர்மட்டத்திலிருந்து 7,740 மீற்றர் இறங்கியும், பிளவில் வைக்க வந்த வெப்பமானிகளை வைக்க நேரம் போதவில்லை. யூலையில் திரும்பிப் போய் 55 வெப்பமானிகளைத் துளைக்குள் இறக்கினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவற்றை ஆளில்லா நீர்மூழ்கி எடுத்து வந்தது. அவ்வளவு பெரிய பூகம்பத்துக்கு அந்தப் பிளவில் மிஞ்சியிருந்த சூடு மிகக் குறைவு என்று அவை காட்டின. பாறைத் தட்டு வழுவழுப்பான களியின் மேல், பெரிய உராய்வு எதுவுமில்லாமல், ஐம்பது மீற்றரளவு வழுக்கிப் போயிருந்தது.