பிஸ்கட் புடிங்குக்கு என்ன வயசு?

அடுப்பு மூட்டத் தேவையில்லை, அவண் தேவையில்லை, அடிப்பிடிக்கும் என்ற பயமும் இல்லை. எங்கட வீடுகளில் சின்னப் பிள்ளையும் செய்யக்கூடிய இனிப்பு எண்டால் அது சொக்லட் பிஸ்கட் புடிங்தான். கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் "இது எங்கட அம்மம்மாட ரெசிப்பி" என்பார்கள். சரி, அம்மம்மாவுக்கு அது எங்கிருந்து வந்தது?

முதலில் எங்கள் வீட்டு முறை. 200 கிராம் பட்டரையும் 250 கிராம் ஐசிங் சீனியையும் நுரைக்க அடித்து, நாலு மேசைக்கரண்டி கொக்கோத் தூள் சேர்க்கவேணும். மாரி பிஸ்கட்டை ஆறின பாலில் தோய்த்து உடனே எடுக்கவேணும், ஊறவிட்டால் கரைஞ்சு போகும். ஒரு அடுக்கு பிஸ்கட், ஒரு அடுக்கு கிறீம், மேலே வறுத்த கஜு. காசு இறுக்கமான மாசத்தில் பட்டருக்குப் பதில் மாஜரின், கஜுவுக்குப் பதில் கச்சான். பிறகு நாலு மணித்தியாலம் பிரிட்ஜில். அவ்வளவுதான்.

இப்ப ஒவ்வொன்றாகப் பார்ப்போம். போர்த்துக்கலிலும் மாரி பிஸ்கட்டைக் கோப்பியில் தோய்த்து, பட்டர் கிறீமோடு அடுக்கி இதேமாதிரி ஒரு இனிப்புச் செய்கிறார்கள். அதனால் போர்த்துக்கேயர் விட்டுப்போனது எண்டு நினைக்கத் தோன்றும். ஆனால் கணக்கு இடிக்கிறது. போர்த்துக்கேயர் இலங்கையை விட்டது 1658 இல். மாரி பிஸ்கட் பிறந்ததோ 1874 இல், லண்டனில். விக்டோரியா மகாராணியின் மகன் அல்பிரட், ரஷ்ய இளவரசி மரியாவைக் கலியாணம் செய்த நினைவாக பீக் ஃப்ரீன் கம்பனி அந்தப் பெயரை வைத்தது. அதே அல்பிரட் 1870 இல் இலங்கைக்கும் வந்து யானை பிடிப்பதைப் பார்த்துவிட்டுப் போனவர்.

கொக்கோத் தூள், 1828 இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை பெற்ற முறையால் மலிவானது. மாஜரின், 1869 இல் பிரான்சில் பட்டருக்கு மலிவான மாற்றாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதே 1869 இல்தான் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தெரியவந்தது. கோப்பி அழிய, தேயிலையோடு கொக்கோவையும் துரைமார் நட்டார்கள். மாத்தளைப் பக்கம் இன்றும் கொக்கோ மரங்கள் நிற்கின்றன. பிஸ்கட்டை இங்கேயே பெருமளவில் செய்யும் மலிபன் 1954 இல்தான் தொடங்கியது.

ஆக, இந்தப் புடிங் நூற்றாண்டுகள் பழைய "பாரம்பரியம்" இல்லை. பக்கற்றும் தொழிற்சாலையும் வந்த பிறகு பிறந்த இனிப்பு. அது குறை இல்லை. அம்மம்மா கடையில் கிடைத்ததை வைத்துப் புதுசாக ஒன்றைப் பழகினா, அவ்வளவுதான்.

ஆனால் ரெசிப்பியில் எழுதாத ஒரு பொருள் இருக்கு: கரண்ட். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, ஆண்டுக்கணக்கில் வரவில்லை. ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த பிள்ளைகளின் வீட்டில் பிரிட்ஜ் வெறும் அலுமாரிதான். அந்தக் காலத்தில் அங்கே வளர்ந்தவர்களிடம் "சின்னனில் என்ன இனிப்புச் சாப்பிட்டனீங்கள்?" எண்டு கேளுங்கள். பனங்கட்டி, எள்ளுருண்டை, பொரிவிளாங்காய் எண்டுதான் பெரும்பாலும் வரும். அவைக்குக் குளிர் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, எங்கட தலைமுறைக்கும் இது கொஞ்சம் விளங்கியது. "சுகமான" இனிப்பு எண்டால் பட்டர், பால், மின்சாரம் மூன்றும் தடையில்லாமல் வரும் நாட்டில்தான் சுகம்.

எங்கட வரலாற்றை ஒப்பந்தங்களிலும் தேர்தல்களிலும் மட்டும் தேடிப் பழகிவிட்டோம். அதில் பாதி குசினியில் இருக்கு, எழுதிவைக்க ஆளில்லை. அடுத்தமுறை வீட்டில் ஒரு ரெசிப்பி கேட்கும்போது அளவை மட்டும் எழுதாதீர்கள். முதன்முதலில் எப்போது செய்தார்கள், யாரிடம் பழகினார்கள், எந்த வருசங்களில் செய்ய முடியாமல் போனது, ஏன் எண்டும் கேட்டு எழுதுங்கள். புடிங் இறுகிவர எப்படியும் நாலு மணித்தியாலம் இருக்குத்தானே.