பாலாற்று மணலுக்குள் இறங்கிய உப்பு
பாகாயத்துல உட்கார்ந்து ஆற்று மீனைப் பற்றி எழுதினா சிரிப்பீங்க. பாலாறு பெரும்பாலும் வெறும் மணல்தானே! ஆனா தண்ணி மணலுக்கு அடியில் இருக்கு. தோல் தொழிற்சாலைக் கழிவும் அங்கேதான் இறங்கியது. எல்லாரும் குரோமியத்தைச் சொல்வாங்க. எனக்கென்னவோ உப்புதான் பெரிய வில்லன். தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, ஊறவைத்துக் கழுவும்போது வெளியேறும். சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. ஆற்று மடுவில் மிஞ்சும் கெண்டைக்கும் கரையோரக் கிணற்றுக்கும் அதுதான் எமன்.

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் நீதிபதி குல்தீப் சிங், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ பாழான கணக்கை எடுத்துக்காட்டினார். மாசுபடுத்தியவரே ஈடுகட்டணும் என்பது நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றார். தொழிற்சாலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். 2025 ஜனவரியில், விட்டுப்போனவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது. முதல் தீர்ப்பன்று பிறந்த பிள்ளைக்கு அப்போ 28 வயசு.