அரை கிலோமீட்டர் தள்ளிப் போன அழகர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தல்லாகுளம் பெருமாள் கோயில் பக்கம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா மகன் வியர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து இறங்கினான். முகம் சரியில்லை.

''மாமா, அழகர்கோயில் தூரம் கூடிப்போச்சு!''

''எப்படிடா கூடும்? அழகரே வருஷா வருஷம் இதே ரோட்டுலதானே வர்றாரு?''

விஷயம் இதுதான். பயல் புதுசாக ஒரு சென்சார் ஜோடி வாங்கியிருக்கிறான். ஒன்றைச் சக்கரத்தின் நடுக்குடத்தில் ரப்பர் வளையம் போட்டு மாட்டியிருந்தான். இன்னொன்று பெடலைத் தாங்கும் கம்பியில். உள்ளே நாணயம் சைஸில் பேட்டரி. முதலாவது, சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ணும். இரண்டாவது, நிமிஷத்துக்கு எத்தனை மிதி என்று எண்ணும். சைக்கிள்காரர்கள் அதை 'கேடன்ஸ்' என்கிறார்கள். வயர் கிடையாது. ப்ளூடூத் வழியே கணக்கு செல்போனுக்குப் போய்விடும்.

போன வாரம் நண்பனின் ரேஸ் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனபோது, வீட்டிலிருந்து அழகர்கோயில் 18.45 கி.மீ. இன்று தன் சொந்த சைக்கிளில் போனால் 18.95! சாலை அதே சாலை. சென்சார் அதே சென்சார். ஆக, அழகர் அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டார்.

சென்சார் மேல் தப்பில்லை. பாவம், அதற்கு எண்ண மட்டும்தான் தெரியும். ஒரு சுற்றுக்கு எத்தனை நீளம் என்று நாம்தான் சொல்லித் தர வேண்டும். இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. இரண்டாயிரம் வருஷத்துப் பழசு!

கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரிக் கட்டடக்கலை நிபுணர் விட்ருவியஸ் ஒரு வண்டியை வர்ணிக்கிறார். சக்கரத்தின் சுற்றளவு 12½ அடி. 400 சுற்று சுற்றினால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். உடனே பல்சக்கரம் நகர்ந்து, ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் 'டணங்' என்று விழும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கல்லை எண்ணினால் தூரம் தெரியும். சீனர்களோ வண்டி மேல் மரப்பொம்மையை நிறுத்தி, 'லீ'க்கு ஒரு தரம் அதை முரசடிக்க வைத்தார்கள்.

நம் ஊருக்கு இந்த எண்ணும் சக்கரம் வந்த கதை அவ்வளவு விளையாட்டானது இல்லை. 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-ல் மருது சகோதரர்களை. அதே 1801-ல் கர்நாடக நவாபின் சீமை முழுக்கக் கம்பெனியின் கைக்கு வந்தது. பிடித்த நாட்டை அளந்தால்தானே வரி போடலாம், பட்டாளம் அனுப்பலாம்? அளப்பதற்கென்றே பையன்களுக்குப் பயிற்சி தர, சென்னையில் 1794-லேயே சர்வே பள்ளி தொடங்கியாயிற்று. பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அதுதான்.

அவர்கள் கையாண்ட கருவிகளில் ஒன்று 'பெராம்புலேட்டர்'. குழந்தை வண்டி என்று நினைத்துவிடாதீர்கள்! சைக்கிளின் ஒற்றைச் சக்கரத்தைக் கழற்றிக் கைப்பிடி போட்ட மாதிரி இருக்கும். ஆள் தள்ளிக்கொண்டே நடக்க, முள் தூரம் காட்டும். ஆனால் மேடேறிப் பள்ளம் இறங்கினால் அதையும் சேர்த்து எண்ணிவிடும். தூரம் கூடிப்போகும்... நம்ம பயலுக்கு ஆன மாதிரியே!

அதனால் வில்லியம் லாம்டன் தன் மாபெரும் அளவைக்குச் சக்கரத்தை நம்பவில்லை. 1802-ல் பரங்கிமலைப் பக்கம் எஃகுச் சங்கிலி போட்டு, வெயிலில் அது எவ்வளவு நீளும் என்றுகூடக் கணக்குப் பார்த்து, ஏழரை மைல் அளந்தார். அதற்கு 57 நாள் ஆனது! லாம்டன் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. வெயிலில் சங்கிலி சுமந்தவர்கள், சக்கரம் தள்ளியவர்கள் பெயரைத் தேடிப் பாருங்கள், லேசில் கிடைக்காது. நடந்தது ஒருத்தர், கணக்கு இன்னொருத்தருக்கு.

அந்தக் கணக்கு மிதிக்கிறவன் கைக்கே வந்தது சைக்கிளால்தான். 1895-ல் அமெரிக்காவில் கர்ட்டிஸ் வீடர் என்பவர், கம்பியில் மாட்டிய ஒரு முள் சுற்றுக்கு ஒரு தரம் தட்டிவிடும் குட்டி மீட்டரைக் கொண்டுவந்தார். பிறகு முள்ளுக்குப் பதில் காந்தம் வந்தது. அடுத்து வயர் போனது. இப்போது பல சென்சார்களில் காந்தமும் இல்லை. சுழற்சியைத் தானே உணர்ந்துகொள்கின்றன.

சரி, கேடன்ஸ்? 1972-ல் மெக்ஸிகோவில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. மிதித்தார். கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு நூற்றுச் சொச்சம் மிதி, மணி முழுக்க! ஆனால் மிதியை எண்ணுவது நமக்கொன்றும் புதிதில்லை. ஏற்றம் இறைத்தவர்கள் பாட்டிலேயே எண்ணைக் கோத்துப் பாடினார்கள். எத்தனை சால் இறைத்தது என்ற கணக்கும் தப்பாது, மிதிக்கிற காலின் தாளமும் தப்பாது. பேட்டரியே வேண்டாம்!

''கதை போதும் மாமா, என் அரை கிலோமீட்டருக்கு வழி சொல்லுங்க'' என்றான்.

டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டோம். அவனைச் சைக்கிளில் உட்காரவைத்து (ஆள் கனத்தில் டயர் அமுங்குமே!) சரியாக ஒரு சுற்று உருட்டி, டேப்பால் அளந்தேன். 2,050 மில்லிமீட்டர். செல்போனில் இருந்ததோ நண்பனின் சக்கரத்துக் கணக்கு, 2,105. சுற்றுக்கு ஐந்தரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். 9,000 சுற்றுக்கு அரை கிலோமீட்டர்!

எண்ணை மாற்றினான். அழகர் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

அவன் சைக்கிளில் நானும் ஒரு ரவுண்டு போய்ப் பார்த்தேன். கேடன்ஸ் 46. ''ரொம்பக் கம்மி மாமா'' என்று சிரித்தான்.

போகட்டும். மிதித்ததும் நான், எண்ணிக்கையும் எனக்கே!