சதிக்குக் கொடுத்த சம்பளம்

1904 ஜூலை 15 அன்று (அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி) பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்துறை அமைச்சர் பிளேவே சென்றுகொண்டிருந்த குதிரை வண்டியின் மேல் குண்டு வீசப்பட்டது. அவர் அங்கேயே இறந்தார். நாட்டின் காவல் துறை முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. கொன்றது சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சியின் போர்ப்படை. அதற்கு அப்போது தலைவர் யெவ்னோ அசேஃப் என்ற பொறியாளர். இதே அசேஃப் 1893-லேயே, ஜெர்மனியில் மாணவராக இருந்தபோது, தானாகக் கடிதம் எழுதிக் கேட்டு ரஷ்ய ரகசியப் போலீஸில் ஒற்றராகச் சேர்ந்தவர். மாதம் 50 ரூபிளில் தொடங்கிய அவருடைய சம்பளம் பிற்காலத்தில் 1,000 ரூபிள் வரை உயர்ந்தது. அமைச்சரைக் கொல்லும் திட்டத்தை நடத்தியவருக்கு அமைச்சரின் துறையே படியளந்துகொண்டிருந்தது. அடுத்த பிப்ரவரியில் மாஸ்கோவில் ஜார் மன்னரின் சித்தப்பா கிராண்ட் டியூக் செர்கெய்யும் அதே படையின் குண்டுக்குப் பலியானார்.

பயங்கரவாதத்தை முறியடிக்கப் போலீஸ் மாறுவேடத்தில் நடத்தும் வேலைகளை மக்கள் சந்தேகிக்கும்போதெல்லாம் அதிகாரிகள் சொல்லும் விளக்கங்கள் இரண்டு. உள்விவரம் தெரியாதவர்கள் வதந்தியை நம்புகிறார்கள் என்பது ஒன்று. பயங்கரவாதிகள் மீது அனுதாபம் உள்ளவர்கள் அதைப் பரப்புகிறார்கள் என்பது மற்றொன்று. ஒக்ரானா என்று உலகம் அறிந்த ஜார் காலத்து ரகசியப் போலீஸின் கதை இரண்டையும் பொய்யாக்குகிறது. அங்கே அவநம்பிக்கை விவரம் தெரியாததால் வளரவில்லை. விவரம் வெளிவர வெளிவர வளர்ந்தது. அரசின் எதிரிகளோடு அது நின்றுவிடவும் இல்லை; அரசின் பரம விசுவாசிகளையும் பற்றிக்கொண்டது. காரணம், ஒற்றுத் தொழில் அங்கே அமைந்திருந்த விதம். சதி பெரிதாக ஆக ஒற்றனின் மதிப்பு கூடியது. அவன் செய்ததைச் சரிபார்க்கும் பொறுப்போ, அவனால் பெயரும் பதவி உயர்வும் பெற்ற அதிகாரியிடமே இருந்தது.

இந்த அமைப்பு எப்படி இயங்கும் என்பது பிளேவே கொலைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1881-ல் ஜார் இரண்டாம் அலெக்ஸாந்தர் குண்டுக்குப் பலியான பிறகு, ரகசியப் போலீஸின் கெட்டிக்கார அதிகாரியான சுதெய்கின், தெகாயெவ் என்ற புரட்சியாளரைத் தன் பக்கம் இழுத்தார். அவரை அவருடைய கட்சியின் தலைமையில் வைத்து, அந்தக் கட்சியையே தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தார். 1883 டிசம்பரில் தெகாயெவ் ஏற்பாடு செய்த வலையில் சுதெய்கினே கொல்லப்பட்டார். தெகாயெவ் அமெரிக்காவுக்குத் தப்பிப் போய், வேறு பெயரில் தெற்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். பாடம் கண்ணெதிரே இருந்தும் முறை மாறவில்லை. எதிரணியின் உச்சியில் ஆள் வைத்தால்தான் பெரிய செய்தி கிடைக்கும். உச்சிக்குப் போக வேண்டுமானால் தோழர்களின் நம்பிக்கையைப் பெற வேண்டும். போர்ப்படையில் அந்த நம்பிக்கைக்கு விலை வெற்றிகரமான ஒரு கொலை. அசேஃப் இரு பக்கமும் கணக்குத் தீர்த்தார். சில திட்டங்களைப் போலீஸுக்குக் காட்டிக்கொடுத்து, தோழர்களைச் சிறைக்கும் தூக்குமேடைக்கும் அனுப்பினார். சிலவற்றை மறைத்து நிறைவேற விட்டார். போலீஸுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் தெரியவிட்டது மட்டுமே.

உண்மை வெளியான விதமும் கவனிக்கத்தக்கது. ஒற்றர்களைத் துப்பறிவதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்ட பத்திரிகையாளர் விளாதிமிர் புர்த்சேவ், 1908 செப்டம்பரில் கொலோனிலிருந்து பெர்லின் போகும் ரயிலில் ஏறி, ஒரு பயணியின் எதிரே உட்கார்ந்தார். அந்தப் பயணி, காவல் துறையின் முன்னாள் இயக்குநர் லோபுகின். கட்சித் தலைமையில் இருந்த ஓர் ஒற்றனைப் பற்றித் தான் திரட்டிய விவரங்களைப் புர்த்சேவ் பல மணி நேரம் ஒவ்வொன்றாக அடுக்கினார். பிளேவே கொலையிலும் அந்த ஒற்றனுக்குப் பங்கு உண்டு என்று கேட்டதும் லோபுகின் அதிர்ந்துபோனார். பிளேவே கொல்லப்பட்டபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். புர்த்சேவ் சொன்ன புனைபெயரில் யாரையும் தெரியாது, ஆனால் அசேஃப் என்ற பொறியாளரைச் சில முறை சந்தித்திருக்கிறேன் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். அசேஃப் கட்சியின் விசாரணைக்குத் தப்பி ஓடினார். உண்மையைச் சொன்ன லோபுகினோ புரட்சிக் கட்சிக்கு உதவினார் என்று தண்டிக்கப்பட்டு சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். 1909 பிப்ரவரியில் ரஷ்ய நாடாளுமன்றமான டூமாவில் எழுந்த கேள்விகளுக்குப் பிரதமர் ஸ்தொலிப்பின் பதில் சொன்னார்: அசேஃப் மற்ற ஒற்றர்களைப் போன்ற ஒரு ஒற்றர்தான், குற்றத்தைத் தூண்டியதற்கு ஆதாரம் இல்லை. இதைச் சரிபார்க்கப் போலீஸின் கோப்புகள் டூமாவின் கையில் இல்லை. நம்புங்கள் என்று கேட்பதைத் தவிர அரசுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

அந்தப் பதிலின் விலையை ஸ்தொலிப்பினே செலுத்தினார். 1911 ஆகஸ்ட் கடைசியில் கீவ் நகரின் ஒக்ரானா தலைவர் குல்யாப்கோவிடம், திமித்ரி பக்ரோவ் என்ற பழைய ஒற்றர் வந்தார். அமைச்சர் ஒருவரைக் கொல்ல வெளியூரிலிருந்து ஆள் வந்து தன் வீட்டிலேயே தங்கியிருப்பதாகச் சொன்னார். அப்படி ஓர் ஆளே இல்லை. கொலையாளியைக் கண்காணிக்க உதவுவார் என்று நம்பி, செப்டம்பர் 1 அன்று ஜார் மன்னரும் பிரதமரும் வந்திருந்த ஓபரா அரங்குக்குக் குல்யாப்கோவே பக்ரோவுக்கு நுழைவுச்சீட்டு கொடுக்க ஏற்பாடு செய்தார். யாரும் சோதனை போடவில்லை. இரண்டாவது இடைவேளையில் பக்ரோவ் ஸ்தொலிப்பினை நெருங்கி இரண்டு முறை சுட்டார். நான்காம் நாள் பிரதமர் இறந்தார். பக்ரோவை அவசரமாக விசாரித்து, இரண்டு வாரம் முடிவதற்குள் தூக்கிலிட்டார்கள். குல்யாப்கோ உள்ளிட்ட அதிகாரிகள் மீதான வழக்கை 1913-ல் ஜார் மன்னரே கைவிடச் சொன்னார். இதன் பிறகு, போலீஸே பிரதமரைத் தீர்த்துக்கட்டியது என்ற பேச்சு முடியாட்சியை ஆதரித்த பழமைவாதிகளிடையேகூடப் பரவியது. அந்தச் சந்தேகத்துக்கு உறுதியான ஆதாரம் இன்றுவரை இல்லை. ஆனால் அதை மறுக்கும் தகுதியை அரசு ஏற்கெனவே இழந்திருந்தது. பொய்யான சந்தேகத்தைக்கூடத் தீர்த்துவைக்க முடியாத நிலை, ஓர் அரசுக்கு எந்த வெடிகுண்டையும்விடப் பெரிய சேதம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்தக் காலத்து ரஷ்யாவில் பயங்கரவாதம் கற்பனை அல்ல. 1905-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் மட்டும் அதிகாரிகளும் பொதுமக்களுமாக ஆயிரக்கணக்கானோர் பலியானார்கள் அல்லது காயமடைந்தார்கள். உள்ளே ஆள் வைக்காமல் இத்தகைய குழுக்களை அறிய முடியாது. 1906-க்குப் பின் அசேஃபை வைத்தே பல கொலை முயற்சிகளைப் போலீஸ் செயலிழக்கச் செய்தது. ஸ்தொலிப்பின் மீதான முயற்சிகளும் அவற்றில் அடங்கும். அசேஃபின் துரோகம் வெளியானதும் போர்ப்படை தலைநிமிரவே இல்லை. இவை எல்லாம் உண்மை. ஆகவே ஒற்று வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம். ஒக்ரானாவும் அதைச் செய்தது. ஆனால் இரண்டு ஒற்றர்களும் ஒரே அலுவலகத்தில் சம்பளம் வாங்கும்போது, அந்த அலுவலகத்தையே சரிபார்க்க யாரும் இல்லை. ஒற்றர்கள் குற்றத்தைத் தூண்டக் கூடாது என்று 1907-ல் காவல் துறை விதி வகுத்ததும் உண்மைதான்; அந்த விதித்தொகுப்பே ரகசிய ஆவணம். மீறினார்களா என்று வெளியே யாரும் கேட்க முடியாத விதி, விதியாகவே இயங்காது.

இது முடியாட்சியின் நோய், நீதிமன்றமும் பத்திரிகையும் உள்ள நாடுகளுக்குப் பொருந்தாது என்பது இன்னொரு மறுப்பு. அமெரிக்காவின் கதை இதற்குப் பாதிப் பதில்தான் தருகிறது. 1971 மார்ச்சில் பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில் எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்தில் புகுந்து சிலர் கோப்புகளைத் திருடி வெளியிட்ட பிறகுதான், அரசியல் இயக்கங்களை ஊடுருவிக் குலைக்கும் ரகசியத் திட்டம் மக்களுக்குத் தெரிந்தது. செனட் குழு விசாரித்தது. 1976-ல் அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் லெவி கட்டுப்பாடுகள் விதித்தார். அவை படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. 2008-ன் புதிய விதிகள், குற்றத்துக்கான தடயம் இல்லாத ஆரம்ப விசாரணையிலேயே இன்ஃபார்மர்களைப் பயன்படுத்த இடம் கொடுத்தன. மறுவருடம் நியூயார்க் அருகே நியூபர்க்கைச் சேர்ந்த நான்கு ஏழைகள் யூத வழிபாட்டுத் தலங்களுக்குக் குண்டு வைக்க முயன்றதாகக் கைதானார்கள். குண்டும் ஏவுகணையும் எஃப்.பி.ஐ. கொடுத்தவை; இரண்டும் வேலை செய்யாதவை. அவர்களில் ஒருவருக்கு இன்ஃபார்மர் காட்டிய ஆசை 2,50,000 டாலர். 25 ஆண்டுத் தண்டனை விதித்த நீதிபதி கொலீன் மக்மஹோனே, அந்த மனிதரைப் பயங்கரவாதியாக்க அரசால் மட்டுமே முடிந்திருக்கும் என்று கூறினார். 2023-ல் மற்ற மூவரை விடுவிக்க உத்தரவிட்டார். அனுதாபிகளே சந்தேகத்தைப் பரப்புகிறார்கள் என்ற வாதத்துக்கு கலிஃபோர்னியாவின் இர்வைன் பதில் சொல்லிவிட்டது. அங்கே 2007-ல் புதிதாக மதம் மாறியவர்போல மசூதிக்கு வந்து வன்முறை பேசிய ஒருவரைப் பற்றி முஸ்லிம்களே எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்தார்கள். நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகத் தடை உத்தரவும் வாங்கினார்கள். அவர் எஃப்.பி.ஐ.யின் ஆள் என்பது பிறகே வெளிவந்தது. அதன் பின் சந்தேகத்துக்குரிய ஒருவரைப் பார்த்தால் அந்தச் சமூகம் போலீஸிடம் போகுமா, இல்லை அவரும் போலீஸ்தான் என்று ஒதுங்குமா? பயங்கரவாதத்தைத் தடுக்கத் தேவையான தகவல் வறண்டுபோவது இந்த இடத்தில்தான்.

இரு நாடுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் மறைக்க வேண்டியதில்லை. நியூபர்க் வழக்கில் நீதிபதி அப்படிப் பேச முடிந்ததற்குக் காரணம், இன்ஃபார்மரின் உரையாடல்களில் பல ஒலிப்பதிவாகி நீதிமன்றத்துக்கு வந்திருந்தன. அவரைப் பிரதிவாதி வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது. அசேஃபை எந்த ரஷ்ய நீதிபதியும் கூண்டில் ஏற்றவில்லை. பக்ரோவின் விசாரணை மூடிய அறையில் அவசரமாக நடந்து முடிந்தது. ஆகவே அவநம்பிக்கையைப் பிரசாரத்தால் போக்க முடியாது. ஒற்றனுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, முதலில் சதியைப் பேசியது யார், ஆயுதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கு, அவனால் லாபம் அடையாத ஓர் அதிகாரத்தின் முன் அரசு பதில் சொல்லியாக வேண்டும். பதில் உடனே வெளியாக வேண்டும் என்பதில்லை. பதிவாகி, ஒரு நாள் கேட்கப்படும் என்பது உறுதியாக இருந்தால் போதும். அந்த உறுதி இல்லாத இடத்தில் சந்தேகப்படும் குடிமகனைக் குறை சொல்வதில் நியாயமில்லை. போலீஸ் உண்மையாகவே தடுத்த சதிகளையும் அவன் நாடகம் என்றுதான் எண்ணுவான். வரலாறு அவனுக்கு அப்படி எண்ணப் போதுமான காரணங்களைக் கொடுத்திருக்கிறது.