உழைப்போர்க்கு நிழல்

சுமைதாங்கியைக் காணாத தமிழர் நம்முள் மிகச் சிலரே இருப்பர். ஊர்ப்புறச் சாலையோரத்தில் இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். கருவுற்றிருந்து இறந்த பெண்டிர் நினைவாக அதனை நிறுவுதல் வழக்கம். வெயிலில் தலைச்சுமையோடு வருபவன் பிறர் கை வேண்டாமல் தானே இறக்கவும் ஏற்றவும் தக்க உயரம் அதற்கு உண்டு. உழைப்பவன் உடலை அறிந்தவன் அமைத்த ஓய்விடம் அது.

ஆலைத்தொழில் நாட்டிற் பரவியபோது இந்த அறிவு ஏனோ உடன் வரவில்லை. 1881-ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்களின் வேலை நேரத்தைப் பேசிற்று, நிழலைப் பேசவில்லை. விட்லி துரை தலைமையில் அமைந்த தொழிலாளர் ராயல் கமிஷன் 1931-இல் அறிக்கை தந்தது. பின்னர் வந்த 1934-ஆம் ஆண்டுச் சட்டம், 150 பேருக்கு மேற்பட்ட ஆலைகளில் ஓய்வுக் கொட்டகை அமைக்குமாறு மாகாண அரசாங்கங்கள் விதி செய்யலாம் என்றது. 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்க' என்பதற்கும் இடையேயுள்ள தூரத்தைக் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம் நன்கறிவோம்!

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவே அதனைக் கட்டளையாக்கிற்று. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஓய்வறையும், வீட்டிலிருந்து கொணர்ந்த சோற்றை உண்ணத் தனி அறையும், குடிநீரும் வேண்டும் என்றது அது. அவ்விடம் வெளிச்சமும் காற்றோட்டமும் பெற்று, குளிர்ச்சியாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும் என்றும் கூறிற்று. 'குளிர்ச்சி' என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே சட்டம் இயற்றியோரைப் பாராட்டலாம். வடநாட்டு வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் அமர்ந்தவர்க்கு அதன் அருமை தெரியும்.

ஆயினும் 'தொழிற்சாலை' என்பதன் இலக்கணத்தைக் கூறுமிடத்து, இதே சட்டம் 'ரயில்வே ரன்னிங் ஷெட்' நீங்கலாக என்றது. இன்ஜினைப் பிரித்துப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் தொழிற்சாலையாம். அதனை ஓட்டத்திற்கு ஆயத்தம் செய்யும் லோகோ ஷெட் அன்றாம்! நீராவிக் காலத்தில் கனன்ற நெருப்புப் பெட்டியைத் துப்புரவு செய்து, சூடு ஆறாச் சாம்பலை வாரியவர்கள் அந்த ஷெட்டிலேதான் நின்றனர். டிரைவர்களுக்கும் பயர்மேன்களுக்கும் வெளியூரில் ரன்னிங் ரூம் இருந்தது. கட்டிலும் உணவும் கிடைத்தன. அது வண்டியோடு செல்வோர்க்கு, ஷெட்டில் நிற்போர்க்கன்று. அவர்களுக்கு நிழல் தருவது நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்ததாயிற்று. 47-ஆம் பிரிவைக் காட்டிக் கேட்க வழியில்லாது போயிற்று.

நீராவி மறைந்து, டீசலும் மின்சாரமும் வந்தன. 2020-இல் நாடாளுமன்றம் பழைய சட்டங்கள் பலவற்றைத் திரட்டிப் புதிய தொகுப்பாக்கியபோது, ஓய்வறைக்குரிய 150 என்னும் எண்ணை 50 ஆகக் குறைத்தது, மகிழத்தக்கதே. ரன்னிங் ஷெட்டுக்கான விலக்கை மட்டும் அது அப்படியே வைத்துக்கொண்டது.