கதாநாயகனும் நம் தீர்ப்பும்



"ஒருத்தன் நூறு பேரை அடிக்கிறான், அடிக்கிறான், அடித்துக்கொண்டே இருக்கிறான். கதை எங்கே?" என்று சலித்தபடி திரையரங்கை விட்டு வெளியே வருகிறவர்களை இன்று சுங்கை பட்டாணியிலும் காணலாம், கூலிமிலும் காணலாம். அமெரிக்காவிலிருந்து வரும் பறக்கும் வீரர்களின் படங்களைப் பார்க்கிற நம் பிள்ளைகளும் அதே குறையைத்தான் சொல்கிறார்கள். இதனோடு இன்னொரு மனக்குறையும் சேர்ந்துகொள்கிறது. படத்தை வானளாவப் புகழ்ந்த விமர்சனத்தை நம்பிப் போனால் காசு போகிறது. குழி தோண்டிப் புதைத்த விமர்சனத்தை நம்பிப் போகாமலிருந்தால் நல்ல படம் ஒன்று கைநழுவுகிறது. யாரைத்தான் நம்புவது?

இது கைப்பேசிக் காலத்தில் பிறந்த கோபம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தமிழ் பேசும்படம் பிறந்த சில ஆண்டுகளிலேயே இந்தக் கோபமும் பிறந்துவிட்டது. அதன் வரலாற்றைத்தான் நாம் இன்று பார்க்கப் போகிறோம்.

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் 'காளிதாஸ்' வெளிவந்தது. தமிழில் முதல் பேசும்படம் என்று அதைச் சொல்கிறோம். ஆனால் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகர் தெலுங்கில் பதில் சொன்னார். திரையில் உருவம் பேசுகிறதே என்ற வியப்பில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வியப்பு நீடிக்கும் வரையில் ரசிகன் எதையும் பொறுத்துக்கொள்வான் என்பதற்கு இது முதல் சான்று. நான்கே ஆண்டுகளில் அந்த வியப்பு வடிந்தது. 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் பெற்ற சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்த நாளில் அது கேட்டறியாத தொகை. நாடெங்கும் அதே பேச்சு. அப்பொழுது 'ஆனந்த விகடன்' பத்திரிகையில் இருந்த கல்கி அந்தப் படத்தை விட்டுவைக்கவில்லை. மனிதர்களை விட மரமும் ஆடுமாடும்தான் படத்தில் நன்றாக நடித்திருக்கின்றன என்ற போக்கில் கிண்டல் செய்து எழுதினார். லட்ச ரூபாய்க்கும் நட்சத்திரப் பெயருக்கும் மயங்காமல் படத்தைப் படமாகப் பார்த்த துணிச்சல் அது. தமிழ்த் திரை விமர்சனத்தின் தொடக்கம் இப்படிச் சுடச்சுடத்தான் இருந்தது.

அந்தப் பத்திரிகை எல்லாம் நம் லயத்துக்கு வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பீடோங், பாடாங் செராய், லூனாஸ், பாலிங் பக்கத்துத் தோட்டங்களில் நமக்குப் படம் என்பது திடலில் கட்டிய வெள்ளைத் துணிதான். ஒரே எந்திரம்; சுருள் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும்; பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்தால், எழுத்தெல்லாம் தலைமாறித் தெரியும். கதாநாயகன் இடக்கையால் வாள் சுழற்றுவான். அதனால் என்ன? வில்லன் விழுந்தானா இல்லையா, அதுதானே வேண்டும்! மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதற்குள் படத்தைப் பற்றிய தீர்ப்பு வந்துவிடும். நாம் படித்த விமர்சனம் அதுதான். அதை எழுதியவர்களும் நாம்தான்.

நமக்கு அந்தக் கதாநாயகன் ஏன் அவ்வளவு பிடித்துப்போனான்? எம்.ஜி.ஆர். படங்களின் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1964-இல் 'தொழிலாளி', அதே ஆண்டில் 'படகோட்டி', 1967-இல் 'விவசாயி', 1971-இல் 'ரிக்‌ஷாக்காரன்'. உழைக்கிற கைகளின் பெயர்களே படங்களின் பெயர்களாயின. அவரும் 1917-இல் இலங்கையின் மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நாவலப்பிட்டியில் பிறந்தவர்தாம். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் பகலெல்லாம் கைகட்டி நின்றவனுக்கு, இரவில் திரையிலே தன்னைப் போன்ற ஒருவன் முதலாளியை நேருக்கு நேர் கேள்வி கேட்பதைக் காண்பது எத்தனை பெரிய ஆறுதல்! அதைப் பாமரத்தனம் என்று படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம்.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் 'சூப்பர்மேன்' என்ற பறக்கும் வீரன் முதன்முதலில் படக்கதைப் புத்தகத்தில் தோன்றியது 1938-ஆம் ஆண்டு. வேலையில்லாத் திண்டாட்டம் அந்த நாட்டை வாட்டிய காலம். அவன் அன்று வேற்றுலக அரக்கர்களோடு மோதிக்கொண்டிருக்கவில்லை. அதே ஆண்டில் வந்த மூன்றாம் இதழிலேயே, பாதுகாப்பு இல்லாத ஒரு சுரங்கத்தின் முதலாளியை அவனுடைய சுரங்கத்துக்குள்ளேயே சிக்கவைத்து, தொழிலாளி படும் பாட்டை உணரச் செய்கிறான். அந்த வீரனும் பிறக்கும்போது கூலிக்காரன் பக்கம் நின்றவன்தான். இன்று அவன் பெயரை முன்வைத்துப் பல கோடிகள் புரள்கின்றன. சுரங்கத் தொழிலாளி கதையிலிருந்து காணாமல் போய்விட்டான். 'மார்வெல்' நிறுவனத்தின் வீரர் படங்களும் 2019-இல் வசூலில் உலகத்தின் உச்சியைத் தொட்டன. 2023-இல் அதே வரிசையில் வந்த 'தி மார்வெல்ஸ்' அந்த வரிசையிலேயே மிகக் குறைவாக வசூலித்தது. நான்கு ஆண்டுகளில் ஏறினவன் இறங்கிவிட்டான்.

கதாநாயகன் நம்மை ஏமாற்றினால் நாம் சும்மா இருந்ததில்லை. 1962-இல் 'பாசம்' என்ற படம் வந்தது. கடைசியில் எம்.ஜி.ஆர். இறந்துவிடுவார். ரசிகர்களால் தாங்க முடியவில்லை. படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. எந்த விமர்சகரும் அந்தத் தோல்வியை எழுதித் தீர்மானிக்கவில்லை. சீட்டு வாங்கியவர்களே தீர்மானித்தார்கள். ஆனால் இதில் நாம் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தத் தீர்ப்பு, கதாநாயகன் சாகக்கூடாது, தோற்கக்கூடாது என்று திரையுலகத்துக்கு ஒரு பாடத்தையும் கற்றுக்கொடுத்தது. பிற்காலத்தில் நாம் சலித்துக்கொண்ட அசைக்க முடியாத வீரனை உருவாக்கியதில் நமக்கும் பங்கு உண்டு. 1992-இல் அறிஞர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரின் திரை உருவத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். ஏழைகளுக்காகத் திரையில் போராடும் அந்த உருவமே ஏழைகளைப் பிடித்துவைக்கும் பொறியாகவும் ஆயிற்று என்பது அவருடைய வாதம். முழுவதும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் எளிதில் தள்ளிவிட முடியாத வாதம்.

எம்.ஜி.ஆர். திரையில் குடிப்பதில்லை. நம் தாய்மார்கள் அவரைக் கொண்டாடியதற்கு அது ஒரு முக்கிய காரணம். கள்ளுக்கடை தோட்டத்திலே இருந்தது. சம்பளத்தில் பாதி அங்கே போனது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. இந்தக் கள்ளை எதிர்த்து நம் கெடா மாநிலத்திலே திரையில் அல்லாமல் தரையிலேயே ஒரு போர் நடந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சூட்டோடு, பீடோங்குக்கு அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் 'தொண்டர் படை' எழுந்தது. தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி எடுத்தார்கள். கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். பிறகு கூலி உயர்வையும் மரியாதையையும் கேட்டார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங்கிலும் ஹார்வர்ட் தோட்டத்திலும் காவல்துறையோடு மோதல் ஏற்பட்டது. பலர் காயமடைந்தார்கள், பலர் சிறைப்பட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? திரைவீரன் தனியாக வருகிறான். அவன் வந்து காப்பாற்றும் வரையில் மற்றவர்கள் ஓரமாக நின்று கண்ணீர் விடுகிறார்கள். பீடோங்கில் அப்படி நடக்கவில்லை. அங்கே ஓரமாக நிற்க வேண்டியவர்களே படையாக நின்றார்கள். சாமிக்குப் பின்னால் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். நம் திரைப்படங்கள் பெரும்பாலும் சொல்லத் தவறியது இந்த நூற்றுக்கணக்கானவர்களின் கதையைத்தான். ரசிகனுக்கு வரும் எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் எண்ணம். கதாநாயகன் பலசாலியாக இருப்பது நமக்குக் குறையே அல்ல. அவன் யாருக்காக அடிக்கிறான் என்பது மறந்துபோய், தன் புகழுக்காகவே அடிக்கத் தொடங்கும்போதுதான் நமக்குக் கொட்டாவி வருகிறது.

1977-இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தபோது இந்த உண்மை பளிச்சென்று தெரிந்தது. கதாநாயகன் சப்பாணி, கால் விந்தி நடக்கிறவன். ஊரார் ஏளனத்துக்கு ஆளானவன். மக்கள் அவனை ஏற்றுக்கொண்டார்கள். படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் 'ஆனந்த விகடன்' அதற்கு 62.5 கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் அது சாதாரண மதிப்பெண்ணாகத் தோன்றலாம். விகடனிடம் அதை வாங்குவது மலையைப் பெயர்ப்பது போல. அடுத்த ஆண்டு மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்தில் ரஜினிகாந்த் மின்நிலையத்தில் இழுவை எந்திரம் ஓட்டும் தொழிலாளியாக வந்தார். விமர்சகரும் ரசிகரும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான காலம் அது.

பின்னர் அதே ரஜினிகாந்த் வானத்துக்கு உயர்த்தப்பட்டார். 2002-இல் 'பாபா' வந்து விழுந்தபோது, நட்டமடைந்த விநியோகஸ்தர்களுக்கு அவரே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அது அவருடைய நேர்மை. சீட்டு வாங்கிய நமக்கு யாரும் எதையும் திருப்பவில்லை என்பது வேறு விஷயம்! 2012-இல் முகமூடி அணிந்த வீரனைத் தமிழுக்குக் கொண்டுவருகிறோம் என்று விளம்பரம் செய்த 'முகமூடி'யும் பலருக்கு ஏமாற்றமாகவே முடிந்தது.

2016-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் 'கபாலி' வெளிவந்தது. இது நம் மண்ணின் கதை. தோட்டத்துப் பிள்ளை, கூலிக்காகக் குரல் கொடுத்தவன், பிறகு குண்டர் உலகத்துக்குள் தள்ளப்பட்டு இருபத்தைந்து ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வருகிறான். பா. ரஞ்சித் இயக்கிய இந்தப் படத்தை மலாய் மொழியிலும் பேச வைத்தார்கள். படத்தைப் பற்றி இரண்டு விதப் பேச்சு எழுந்தது. "பழைய ரஜினி எங்கே? சண்டை போதாது, படம் மெதுவாகப் போகிறது" என்று ஒரு சாரார் குறைப்பட்டார்கள். "நம் தாத்தாவும் பாட்டியும் பட்ட பாட்டை ஒரு பெரிய நட்சத்திரம் வாயால் சொல்லிக் கேட்டோமே, அது போதாதா?" என்று மறு சாரார் மனம் நெகிழ்ந்தார்கள். இரண்டு பேரும் ஒரே திரையரங்கில், ஒரே விலை கொடுத்துப் பார்த்தவர்கள். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. தமிழ்நாட்டில் படம் துப்பாக்கிச் சத்தத்தோடு கேள்விக்குறியாக முடிந்தது. மலேசியாவில் மட்டும், கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்று எழுத்தில் போட்டு முடித்தார்கள். நமக்கென்று தனி முடிவு!

அதற்குச் சற்று முன்பு, 2015-இன் இறுதியில், சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' என்ற மலேசியத் தமிழ்ப் படம் வெளிவந்தது. தோட்டம் கைவிட்டுப் போனபின் பட்டணத்து ஓரத்தில் வளரும் ஒரு சிறுவனின் கதை. அதில் பறக்கும் வீரன் இல்லை. எவரும் வந்து காப்பாற்றவும் இல்லை. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த மலேசியப் படமாகப் பரிசு பெற்றது. கபாலிக்கு வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் ஜகாட்டுக்கு நின்றோம் என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, விமர்சனத்தைப் பற்றிய சண்டைக்கு வருவோம். 2024 நவம்பர் 14-ஆம் நாள் 'கங்குவா' வெளிவந்தது. பெரும் பொருட்செலவு, பெரும் விளம்பரம். முதல் நாளே மக்கள் சொன்ன குறை என்ன தெரியுமா? காது வலிக்கிறது என்பதுதான். ஒலியைக் குறைக்கும்படி தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஆனால் சில நாட்களுக்குள் தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர் சங்கம் வேறொன்றையும் கேட்டது: திரையரங்கு வளாகத்துக்குள் யூடியூப் காரர்களை விடாதீர்கள், வெளியே வருகிற ரசிகரிடம் கருத்துக் கேட்க அனுமதிக்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு வசை பாடுவோரும் உண்டு, அதை மறுக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு துதி பாடுவோரும் உண்டே. அவர்களைத் தடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

தயாரிப்பாளர்களின் மற்றோர் அமைப்பு நீதிமன்றத்துக்கே போனது. படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே வரக்கூடாது என்று கேட்டது. நம் தோட்டத்துத் திடலுக்குப் படம் வந்துசேர மாதக் கணக்கில் ஆகும். வந்த மறுநாள் காலையே பெரட்டுக் களத்தில் தீர்ப்பு சொல்லியாகிவிடும். மூன்று நாள் பொறுங்கள் என்று நம்மிடம் கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரத்தைச் சேர்ந்தது என்று கூறி, இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது.